முழு மதிப்பெண் வாங்கிய வீடு

செவ்வாய், இரவு.

குடும்ப ஆலோசனை ஆய்வுக்காக இன்று ஓர் அம்மாவும் மகள் கவிதாவும் வந்தார்கள். இருவருக்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கேள்வித்தாளில் ‘வீட்டில் மனம்விட்டுப் பேசுவீர்களா?’ என்பதற்கு அம்மா முழு மதிப்பெண் போட்டிருந்தார். பிறகு பேட்டியில், யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்டேன்.

“சின்னவ கூடத்தானுங்க. ஊட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் அவகிட்டச் சொல்லிருவனுங்க.”

சின்னவள், கவிதாவின் தங்கை, இறந்து ஒரு வருடமாகிறது. கவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

“கவிதாகிட்டப் பேசமாட்டீங்களா?”

“இவகிட்ட என்னத்தைங்க பேசறது?”

மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் நல்ல குடும்பம் என்று எழுதியிருப்பேன். கவிதாவை நாளை தனியாக வரச்சொன்னேன். கதவருகே அவள் மெதுவாகச் சொன்னாள்: “வர்றனுங்க அக்கா. அம்மாவோட மார்க்கை மட்டும் கொறச்சுராதீங்க.”

சரி என்று தலையாட்டிவிட்டேன். இப்போது இதை எழுதி முடித்தும் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.