அம்பேல்

செஞ்சி

சுவாதியின் நைனாவுக்கு வளர்மதி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே படிக்கும்போது பதறாதீர்கள்.

உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. லீவில் வந்திருக்கும் உங்கள் சிநேகிதர் சுந்தரமூர்த்தியை விசாரித்தேன். நீங்கள் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து நீங்கள் யாரிடமும் பேசுவதில்லை, மஸ்கட் அறையையும் காலி செய்துவிட்டீர்கள் என்றார். திரும்பிப் போனதும் எப்படியும் உங்களைத் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு சுவாதி தெருப் பிள்ளைகளோடு கோட்டைப் பக்கம் ஓடிப்பிடித்து விளையாடப் போனாள். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அனு மூச்சிரைக்க ஓடிவந்து, "அத்தை, சுவாதி அம்பேல்! குளத்தாண்ட!" என்றாள்.

நம் கடைவீதியில் அந்தச் சொல்லை எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். டயர் வெடித்தாலும் அம்பேல், ஆள் செத்தாலும் அம்பேல். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். என் அலறலைக் கேட்டு ஆட்டோ ஓட்டும் தனகோட்டி அண்ணனும் பின்னால் ஓடிவந்தார்.

குளத்துச் சுவரில் கல் பெயர்ந்து, ஒரு வேரைப் பிடித்தபடி சுவாதி தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே பச்சைத் தண்ணீர். பிள்ளைகள் பயத்தில் உறைந்து நின்றார்கள். அண்ணன் குப்புறப் படுத்து, அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். முழங்கால் கிழிந்ததோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

எனக்கு உயிர் வந்ததும் அனுவைத்தான் திட்டினேன். இப்படியாடி வந்து சொல்லுவே என்றேன். அவள் மிரண்டுபோய், "அம்பேல்னா இப்ப அவள யாரும் தொடக்கூடாது அத்தை. அவ்ளோதான். அப்பால ஆட்டத்துக்கு வந்துடுவா" என்றாள். துரத்திவந்த மணிமொழி எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தாளாம். காலடியில் கல் ஆடியதும் சுவாதி அம்பேல் என்று கத்தியிருக்கிறாள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. ஓடிவந்த வேகத்தில் தொட்டிருந்தால் இரண்டும் தண்ணீரில்தான். அதற்குமேல் நினைக்கப் பயமாக இருக்கிறது.

நேற்று பஸ் நிலையத்து டீக்கடையில் உங்கள் அண்ணன் கோதண்டராமன், நாங்கள் நிற்பதைப் பார்த்தும், "பார்த்திபன் கத அம்பேல்பா" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுவாதி நொண்டிக்கொண்டே அவர் எதிரில் போய் நின்றாள். "ஆமா பெரிப்பா, நைனா அம்பேல்தான். அதான் அவர யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. வந்துடுவாரு" என்றாள். அவர் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

நானும் உங்களை ஒன்றும் கேட்கமாட்டேன். வெறுங்கையோடு வந்தாலும் சரி.

விழுந்ததை மட்டும் நைனாவுக்கு எழுதாதேம்மா, பயந்துடுவாரு என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதிவிட்டேன். நீங்கள் தெரியாத மாதிரியே இருங்கள். முழங்காலில் என்ன தழும்பு என்று நேரில் வந்து அவளையே கேளுங்கள்.

மலையனூர் அங்காளம்மன் உங்களைக் கைப்பிடித்து அழைத்து வரட்டும்.

உங்கள்
வளர்மதி