வெள்ளை ஓரத்துச் செடி

மதினி,

இன்று காலை ஹாலைப் பெருக்கும்போது துடைப்பம் பட்டு ஃபைகஸ் செடியின் இலை ஒன்று காம்போடு ஒடிந்தது. எடுத்த விரலில் பால் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் பிசுபிசுப்பு முழுதாகப் போகவில்லை. அந்த விரலோடுதான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அண்ணனைக் கட்டிக்கொண்டு சாத்தான்குளத்திலிருந்து எங்கள் பாளையங்கோட்டை வாடகை வீட்டுக்கு நீங்கள் வந்த புதிது. நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். "எங்க ஊர்ல பனையத் தவிர நான் எதைக் கண்டேன்? வீட்டுக்குள்ள ஒரு பச்சை வேணும்ட்டி" என்று ஒரு சாயங்காலம் என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றி, தச்சநல்லூர் நர்சரிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

கிளை தழைந்து தொங்கும் ஃபைகஸில் அங்கே இரண்டு வகை இருந்தது. ஒன்று முழுப் பச்சை. மற்றதன் இலைக்கு ஓரமெல்லாம் வெள்ளை.

"பச்சையக் கொண்டு போங்கம்மா, எங்கன வச்சாலும் தாக்குப்பிடிக்கும். வெள்ளை ஓரத்துக்கு சன்னல் வெளிச்சம் வேணும். எடத்த மாத்துனா இலையெல்லாம் கொட்டிரும்" என்றார் நர்சரிக்காரர்.

நீங்கள் குனிந்து இலையைத் தடவினீர்கள். "நானும் எடம் மாறி வந்தவதான் அண்ணாச்சி. ஒண்ணும் கொட்டலையே!"

வெள்ளை ஓரம்தான் உங்கள் மடியில் ஏறி வீட்டுக்கு வந்தது. அம்மா வாசலிலேயே மறித்தாள். "இது ஆல் சாதிலா? வீட்டுக்குள்ள வச்சா எதாவது வந்து அண்டும்." நீங்கள், "சின்னதா இருக்க வரைக்கும் இருக்கட்டும் அத்தை" என்று சொல்லி, தெருப்பக்கச் சன்னலடியில் வைத்துவிட்டீர்கள். அம்மா அந்தப் பக்கமே போகமாட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காமாலை கண்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறும்போது, "செடிக்குப் பைய தண்ணி ஊத்து, வேர் அழுகிரும்" என்றீர்கள். என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

உங்களைக் கிடத்த ஹாலில் இடம் வேண்டுமென்று யாரோ தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப் போனார்கள். காரியங்கள் முடிவதற்குள் அத்தனை இலையும் கொட்டிவிட்டது. வெறும் குச்சியாக நின்றதைப் பார்க்கச் சகிக்காமல், அண்ணன் அதைத் தொட்டியோடு தூக்கி எறியப் போனான். குறுக்கே ஓடி வந்தது அம்மா.

"ஏலே, கீழ வைலே! அவ வந்தா எங்கன இருப்பா?"

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அம்மா தானே தொட்டியை இழுத்துக்கொண்டு போய்ச் சன்னலடியில் வைத்தாள்.

செடி துளிர்த்தது. மத்தியானங்களில், காற்று துளியும் இல்லாதபோது, ஓர் இலை மட்டும் தரையில் விழும் சத்தம் கேட்கும். படுத்திருக்கும் அம்மா தலையைத் தூக்கி, "நீயா தாயி?" என்பாள். பிறகு பதில் வந்துவிட்டதுபோல மறுபடி படுத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் ஹாலில் தனியாக இருக்கவே மாட்டேன்.

அம்மாவும் போய்விட்டாள். செடி இப்போது என் வீட்டில். வேலைக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வாரேன் மதினி" என்று சொல்லித்தான் கதவைச் சாத்துகிறேன். ஒரு நாள் சொல்ல மறந்து பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில் இறங்கி, வெயிலில் நடந்து திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, ஆளில்லாத ஹாலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனேன்.