மேல்கணக்கு விடுபட்ட வரைபடம்

இன்று காலை என் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் தடவி, அதை வரைபடத்தின் மேல் வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. நாமும் அப்படித்தானே எடுத்தோம். நீ இறந்து ஏழு மாதமாகிறது. நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உன் பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் இருந்தது. அவர்கள் கேட்ட மாதிரி எழுதத்தான் என்னிடம் எதுவும் இல்லை. என்னிடம் இருப்பதை உனக்கே எழுதிவிடுகிறேன்.

பலாங்கொடைக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாம். தோட்டத்தின் பிரிவைக் கணக்கு என்றுதான் அங்கே சொல்வோம். நீ மேல்கணக்கு, நான் கீழ்கணக்கு. நடுவே ஓயா என்கிற காட்டாறு. கட்டைப் பாலத்தில் அதைக் கடந்துதான் நீ பள்ளிக்கூடம் வருவாய். மழை பிடித்து ஓயா பெருகினால் நான்கு நாள் உன் இடம் காலியாகக் கிடக்கும். இதை நீ மறந்திருப்பாய் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

தொண்ணூற்றிரண்டில் நாம் சேர்ந்து படித்த பல்கலைக்கழகத்தில் அந்த விரிவுரையாளர் கரும்பலகை முழுக்க அறுகோணங்கள் வரைந்து, புவியியல் இனி ஊர்வர்ணனை அல்ல, கணிதம் என்று சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். சாமி கும்பிடுகிறவள் முகம். "மல, ஆறுன்னு பேர் ஒப்பிக்கிற பாடம் இல்லடி இது. சயன்ஸ்" என்றாய். மேல்நாட்டில் அந்த முறைகளைச் சந்தேகிக்கத் தொடங்கி இருபது வருடமாகியிருந்தது. நீ அதைப் புதுப்புடவை மாதிரிக் கட்டிக்கொண்டாய். கெட்டிக்காரி என்பதை மறுக்கவில்லை. எனக்குப் புள்ளிவிபரம் ஏறாதபோது மரத்தடியில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தவளும் நீதான்.

நீ வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பினாய். நான் பலாங்கொடையில் புவியியல் ஆசிரியையானேன். சில வருடம் கழித்து உனக்கு ஓர் ஆய்வு கிடைத்தது. நம் தோட்டத்தின் ஐந்து கணக்குகளுக்கும் பொதுவாக ஒரு சுகாதார நிலையம் கட்டப் போகிறார்கள், எங்கே கட்டுவது என்று நீ கணித்துச் சொல்ல வேண்டும். கள வேலைக்கு என்னைக் கூப்பிட்டாய். பாடசாலை விடுமுறை முழுக்க நடந்தேன். ஒவ்வொரு லயத்திலும், அந்த வரிசை வீடுகளில், தலைகளை எண்ணினேன். பிள்ளையைத் தூக்கிய பெண்ணோடு நடந்தால் எத்தனை நிமிடம், மழையில் எத்தனை நிமிடம், ஓயா பெருகினால் மலையைச் சுற்றி எத்தனை மணி நேரம் என்று ஒரு கொப்பியில் குறித்தேன். கொண்டுவந்து கொடுத்தபோது ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாய்.

"இது வேணாம்டி. மெப்ல நேர்கோடு போட்டுத் தூரம் எடுத்துட்டேன். ஆளுங்க எண்ணிக்கைக்கு ஓட்டு லிஸ்ட் இருக்கு."

"நேர்கோட்டுல காக்கா போகும். ஓயாவ என்னா செய்யப் போற?"

"மாடலுக்கு ஓயா தெரியாது."

"தெரிய வை."

"அதெல்லாம் போட்டா ரிசல்ட் சுத்தமா வராது."

உன் கணிப்பு சுலபமானது. ஒவ்வொரு கணக்கிலும் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையே அதன் எடை. எடை கூடிய பக்கம் நிலையம் நகரும். மேல்கணக்கில் பத்து லயம் நிறைய ஆட்கள். ஆனால் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமை இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. உன் பட்டியலில் மேல்கணக்கில் ஏழே பேர் இருந்தார்கள்.

"உங்க அம்மா பேரே இதுல இல்லையேடி" என்றேன்.

நீ பேனாவை மூடினாய். "அம்மாவத்தான் நான் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்ல" என்றாய்.

அன்றுதான் உன்னை நான் வெறுக்கத் தொடங்கினேன். அறியாமை என்றால் மன்னித்திருப்பேன். மேல்நாட்டுக்காரன் ஒருவன் வந்து அந்த ஓயாவின் மேல் கோடு கிழித்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீ அந்தத் தண்ணீரில் பாவாடையைத் தூக்கிச் செருகி நடந்தவள்.

நிலையம் கீழ்கணக்கில், ரோட்டோரத்தில் கட்டப்பட்டது. திறப்பு விழாவில் உன் வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதுவரை புதன்தோறும் மேல்கணக்கின் பிள்ளைக்காம்பராவுக்கு, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் அறைக்கு, வந்து கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்கள மருத்துவிச்சியை, நிலையம்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து தலையில் கைவைத்துச் சொன்னார்: "அனே டீச்சர், மெப்ல கிட்ட. கால்ல தூரம்." படிக்காத தமிழில் அவர் சொன்ன ஆறு சொல்லில் இருந்த புவியியல் உன் அறிக்கை முழுவதிலும் இல்லை.

ஐப்பசி மழையில் என் அக்காவுக்கு வலி கண்டது. அவள் மேல்கணக்கில் வாழ்க்கைப்பட்டவள் என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு முறுக்குச் சுட்டு அனுப்பியவள். எட்டாம் மாதம். கட்டைப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் மலையைச் சுற்றி வந்தார்கள். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டவர்கள் மலையுச்சியில் பாதை திரும்பும் இடத்தில் அவளை இறக்க வேண்டியதாயிற்று. தேயிலைக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை.

இரண்டு வாரம் கழித்து நீ வந்தாய். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு நெஞ்சு இளகியது. உனக்கும் உறைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கேட்டாய்: "எத்தன மணிக்குப் பொறப்பட்டீங்க அக்கா? மழ பேஞ்சுக்கிட்டு இருந்துச்சா? எந்த எடத்துல வச்சு?" அக்கா அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். வெளியே வந்ததும், "அந்தக் கொப்பிய இன்னும் வச்சிருக்கியா?" என்றாய். நானே எடுத்துத் தந்தேன்.

மறுவருடம் உன் கட்டுரை வந்தது. நேர்கோட்டுத் தூரத்தை விட்டு நடைநேரத்தைக் கொண்டால் மாடல் எவ்வளவு திருத்தமாகிறது என்று காட்டியிருந்தாய். என் நிமிடங்கள், என் தலைக்கணக்கு, அட்டவணை அட்டவணையாக. பழைய கணிப்பைச் செய்தவர் யாரோ மாதிரி அதைக் கண்டித்தும் இருந்தாய். மேல்கணக்கை மாடலுக்குள் அடங்காத "எச்சம்" என்று குறிப்பிட்டிருந்தாய். உங்கள் கலைச்சொல் அகராதியில் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் காக்கை போடுவதற்குப் பெயர் அது. அக்காவின் பிள்ளை அடிக்குறிப்பில் "ஒரு பாதகமான விளைவு" ஆகியிருந்தான். அந்தக் கட்டுரைக்குத்தான் உனக்குப் பதவி உயர்வு. உன் துறை ஒரு படி வளர்ந்தது என்றார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். மேல்கணக்குப் பெண்களோடு சுகாதாரக் காரியாலயத்துக்கு மூன்று முறை போனோம். அங்கிருந்த அதிகாரி, "இதுக்கெல்லாம் டேட்டா இருக்கா?" என்றே கேட்டு அனுப்பினார். நான்காம் முறை உன் கட்டுரையைக் கொண்டுபோய் மேசையில் போட்டேன். அட்டவணையைப் பார்த்தார், எழுந்து நின்றார். அடுத்த மாதமே புதன்கிழமை மருத்துவிச்சி மீண்டும் வந்தார். எங்கள் வாயை நம்பாதவர் உன் தசமத்தை நம்பினார். அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என் கணவர் சொன்னார். அன்று அவரோடும் சண்டை போட்டேன்.

கடைசியாக உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். நீ குச்சியாகிப் போயிருந்தாய். "அந்தப் பேப்பர்ல ஒன் பேரையும் போட்டிருக்கணும்டி. தப்புதான்" என்றாய். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய், அது உனக்குப் பெரிய வார்த்தை. எனக்கோ சிரிப்பு வந்தது. இத்தனை வருடமாக நான் என் பெயருக்காகக் கோபமாயிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாய். தலையணையைச் சரிசெய்துவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நீ அக்காவைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

மாணவர்களுக்கு உன் முறைகளை நான்தான் இன்று கற்பிக்கிறேன். மரத்தடியில் நீ சொல்லித் தந்த அதே ஒழுங்கில் சொல்லும்போது அவர்களுக்கும் சட்டென்று விளங்கிவிடுகிறது. அந்த நேரம் என் குரலுக்குள் உன் குரல் கேட்கிறது. அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

உன் சாவுச் செய்தியை மேல்கணக்குக்குப் போய் நான்தான் சொன்னேன். அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மலைமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ பாவம். எங்க வூட்டு வாசல்ல வெளையாண்ட புள்ளையாச்சே" என்று சொல்லி அழுதாள். நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.