பதிலுக்கு என்ன கேட்டீங்க?

காலையில் கொல்லைக் கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாசனை. எங்கள் மோட்டார் ரூம் சுவரில் சிவப்பில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஓர் எண். இன்னும் காயவில்லை. தொழிற்பேட்டையை விரிவாக்க நிலத்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "பெயிண்ட்தானே, இதுக்குப் போய் ஏன் இப்படி நிக்கிற" என்றார் வீட்டுக்காரர். அவர் குரலும் சரியாக இல்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பயம் வந்தால் இன்னமும் உன்னிடம்தான் பேசத் தோன்றுகிறது.

ஏனாத்தூர் கல்லூரியில் நாம் இருவரும் பொருளாதாரம் நடத்தியபோது, கிழக்காசிய நாடுகள் பாடம் எப்போதும் உன்னுடையது. கடனும் சலுகையும் கொடுத்த அரசு, 'இவ்வளவு ஏற்றுமதி செய்து காட்டு, இல்லாவிட்டால் சலுகை கிடையாது' என்று முதலாளிகளை விரட்டி வேலை வாங்கியதை அனுபவித்துச் சொல்வாய். அதே வாயால், அங்கே சங்கம் வைத்த தொழிலாளிகள் ஜெயிலுக்குப் போனதையும் சொல்வாய். பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகள் அதை மட்டும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

ஒருநாள் ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, வரிசையாகப் போன கம்பெனி பஸ்களைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்: "எங்கப்பா நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்தா, எப்ப புடவை தருவன்னு பேசிக்கினுதாம்மா கொடுப்பாரு. கவர்மென்ட்ல இந்தக் கம்பெனிங்களுக்கு நெலம், தண்ணி, கரண்ட் எல்லாம் கொடுக்கறாங்க. பதிலுக்கு என்ன கேட்டாங்கன்னு யாருக்காவது தெரியுதா?" எதையும் தறியில் கொண்டுபோய்க் கட்டாவிட்டால் உனக்குச் சோறு இறங்காது என்று கிண்டல் செய்தேன். அப்போது அந்த பஸ்ஸில் என் மகன் ஏறவில்லை.

இப்போது ஏறுகிறான். காண்ட்ராக்ட் வேலைதான். நிலம் கிடைக்காவிட்டால் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்று உள்ளே பேசிக்கொள்கிறார்களாம். கிடைத்தால் எங்கள் நிலம் போகும், கிடைக்காவிட்டால் அவன் வேலை போகும். கோயிலுக்குப் போனால்கூட எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மதியம் நிலம் எடுப்பது பற்றிப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். ரோடு வரும், வேலை வரும் என்றார். நான் எழுந்தேன்.

"கம்பெனிக்கு எல்லாம் கொடுக்கறீங்க சார். பதிலுக்கு அவங்ககிட்ட என்ன கேட்டீங்க? எத்தனை வருஷம் இங்க இருப்பாங்க? பசங்களை எப்ப பர்மனென்ட் பண்ணுவாங்க?"

அதிகாரி சிரித்தார்.

"நல்ல கேள்விம்மா. உங்க பையன் அங்கதான வேலை பாக்கறாரு?"

அதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"பையன் பேரு என்னம்மா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் பேனாவைத் திறந்தார்.

மகன் ஷிப்ட் முடிந்து வரும் நேரம் இது. வாசலைப் பார்த்தபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் கேள்வியை இனி என்னால் இறக்கி வைக்க முடியாது, அடுத்த கூட்டத்திலும் கேட்பேன் என்றுதான் நினைக்கிறேன். இன்று அதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. என் பிள்ளையின் பெயரைத்தான் கேட்டார்கள். நான் சொல்லிவிட்டேன்.