மாத்திரைதான் என்று நீ சொன்னாய்

என் செல்ல அக்கா ராஜாத்திக்கு,

நேற்று உன் மாமியார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, ராஜபாளையத்தில் வீடு விசாரித்து என்னிடம் வந்தாள். உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தேன்.

உனக்குப் பிறகு அத்தான் கட்டியவளின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். அந்தப் பெண்ணுக்கும் வலிப்பாம். உன்னை வலிப்புக்காரி என்று ஏசிய வீட்டில்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன் அக்கா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உன் முதல் பிள்ளை முதுகெலும்பு மூடாமல் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் காதுபடவே உன் மாமியார் சொன்னாள்: "வலிப்புக்காரி வயித்துல வேற என்ன பெறக்கும்? அவிய குடும்ப ரத்தம் அப்படி." அத்தான் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

நீ என்னிடம் மட்டும் சொன்னாய். "ஏட்டி, வலிப்புக்குத் திங்கிற மாத்திரைதான் எம்பிள்ளைய இப்படி ஆக்கிருச்சு." டாக்டரிடம் கேட்டோம். "அதெல்லாம் இல்லம்மா, மாத்திரைய நிறுத்திராதீங்க" என்றார். நீ தலையாட்டினாய்.

மறுபடி உண்டானதும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாய். கொல்லையில் துணி அலசும்போது வலிப்பு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் முகம் கவிழ்ந்தது. வாளி உருண்ட சத்தம் உன் மாமியாருக்குக் கேட்டிருக்கிறது. "அவளுக்கு இது வாடிக்கைதான, செத்த நேரத்துல எந்திரிச்சு வருவா" என்று சொல்லிவிட்டுப் பூத்தொடுத்துக்கொண்டு இருந்தாளாம். உன் சாவுக்குக் கூடிய துஷ்டி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொன்னது இது.

நான் இப்போது கல்லூரியில் உயிரியல் நடத்துகிறேன். செல்லுக்குள் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றியிருக்கிறது. ஹிஸ்டோன் டிஅசிட்டிலேஸ் என்றொரு நொதி அவற்றில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் துணுக்கைக் கழற்றினால் சுற்று இறுகும், அந்த இடத்து ஜீன் அடங்கும். எங்கே, எப்போது கழற்றுவது என்று அந்த நொதியையும் வேறு புரதங்கள் ஆள்கின்றன. உன் வால்புரோயேட் மாத்திரை அந்த நொதியைத் தடுத்துவிடும். கருவில் முதுகு மூடும் சமயத்தில், அடங்கியிருக்க வேண்டிய ஜீன்கள் விழித்துக்கொள்ளும். பிள்ளை ஊனப்பட அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஆவதில்லை. நீ போய்ப் பல வருஷம் கழித்துத்தான் இந்தத் தடை விஷயமே தெரிந்தது.

தின்றால் பிள்ளைக்கு ஆபத்து, நிறுத்தினால் உனக்கு. உனக்கென்று எந்த வழியை விட்டுவைத்தார்கள்?

"அவளும் அதே மாத்திரைதாம்மா திங்கா. நாளைக்கு உண்டானா பிள்ளைக்கு ஆவாதுன்னு சொல்லுதாவ. நிறுத்திறலாமா?" என்றாள் உன் மாமியார்.

"நிறுத்துனா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா?"

நான் விடவில்லை.

"எங்கக்கா சொன்னது நெசம். மாத்திரைதான், எங்க ரத்தம் இல்ல. உங்க வாயால சொல்லுங்க."

"நான் படிக்காதவ, தாயி..."

"சொல்லுங்க."

சொன்னாள். அழுதாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

வரும் வாரம் அந்தப் பெண்ணை மதுரைக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். சட்டென்று நிறுத்தாமல் மெல்ல மெல்ல வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். அவள் உனக்கு யாருமில்லை. ஆனாலும் அவளைச் சாகவிட மாட்டேன், சத்தியம். அவளுடைய ஆச்சியை, உன் மாமியாரை, மன்னிக்கச் சொல்லி மட்டும் என் கனவில் வந்துவிடாதே.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி