வாலை வெட்டினால் இரண்டாம் இடம்

மார்ச் 4

ஒன்பது ஊர்களின் மெட்ரோ ரயில்களை ஒரே தாளில் ஒப்பிட்டுத் தர வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு நாளில் எத்தனை பயணிகள் — கேள்வி இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி எண்ணித் தொலைக்கிறது. ஓர் ஊரில் மாதப் பாஸ் வாங்கியவர் காய்ச்சலில் படுத்திருந்தாலும் தினமும் போய்வந்ததாகக் கணக்கு. பக்கத்து ஊர்க்காரர்கள் பலே கெட்டிக்காரர்கள். வழியில் ஒருவர் இரண்டு முறை ரயில் மாறினால் அவரை மூன்று பேராக எழுதிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பொருமினேன். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"இப்ப நான் மூணு ஆளா?"

"அவங்க கணக்குப்படி ஆமா."

"அப்ப மூணு ஆளுக்கு டீ போடு."

சிரிக்காமல் என்ன செய்வது? போட்டேன்.

மார்ச் 6

பக்கத்து ஊருக்கு விளக்கம் கேட்டு எழுதியிருந்தேன். 'எங்கள் முறை எங்களுக்கு' என்று பதில். நல்ல முறை!

மார்ச் 11

எல்லா ஊரையும் ஒரே முறையில் எண்ணிச் சரிசெய்தும் நாங்கள் நாலாம் இடம். பக்கத்து ஊர் மூன்று. எங்கள் மெட்ரோ இயக்குநர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வேறு இடம் கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"நாலாவதுன்னு கொண்டுபோய் நின்னா புதுத் தடத்துக்கு யாரும்மா கையெழுத்து போடுவாங்க? எப்படியாவது பாருங்க."

எப்படியாவது! கணக்கில் 'எப்படியாவது' எந்தக் கட்டத்தில் போடுவது?

மத்தியானம் முழுக்கத் தலை கொதித்தது. எங்கள் பெரிய தடத்தின் கடைசியில் நாலே நிலையங்களோடு ஒரு துண்டுத் தடம் பிரிந்து போகிறது. அலுவலகத்தில் அதற்குப் பெயரே வால்தான். வாலின் நுனியில் பெரிய ஆஸ்பத்திரி. வீட்டுக்காரருக்கு வேலை அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். வாலில் கூட்டம் குறைவு. அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் சராசரி ஏறும் என்று எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எரிச்சலில் அட்டவணையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'வால் இல்லாமல் — இரண்டாம் இடம்.' எடை குறைய வேண்டும் என்பதற்காக ஒரு காலைக் கழற்றி வைத்துவிட்டு எடை பார்ப்பது மாதிரி. கொஞ்சம் உறைக்கட்டும் என்று அந்த வரியை அழிக்காமலே அனுப்பிவிட்டேன்.

மார்ச் 12

உறைக்கவில்லை. இயக்குநர் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, "இது நல்ல யோசனையா இருக்கே!" என்றார்.

மார்ச் 13

அது கிண்டலுக்கு எழுதியது சார் என்று நேராகவே சொல்லிப் பார்த்தேன். "உங்க யோசனையை நீங்களே மட்டமா நினைக்காதீங்கம்மா" என்கிறார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 20

வாலை நிறுத்திவிட்டுப் பேருந்து விடுவதாக வரைவு தயாராகிவிட்டது. இவரிடம் சொல்லாமல் நாலு நாள் மென்று விழுங்கினேன். இன்று சொன்னேன், அரைகுறையாக. வாலில் ஆளில்லை, அதனால் யோசிக்கிறார்கள் என்று. யாருடைய யோசனை என்பதைச் சொல்லவில்லை.

"ஆளில்லையா? நான் தினம் ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டுப் போறேன்."

"நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தா ஒரு பெட்டிக்கு எட்டுப் பேருங்க."

"அந்த எட்டுப் பேர்ல ஒருத்தன் இன்னைக்கு என் கால மிதிச்சான். போய்க் கேளு."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷம் இதே வேலையாக இருக்கிறேன், எனக்குக் கணக்கு சொல்லித் தருகிறாரா? ஆளுக்கொரு அறையில் படுத்தோம்.

மார்ச் 22

விடியற்காலையில் இவரோடு கிளம்பிப் போனேன்.

இணைப்பு நிலையத்தில் மாறி வாலில் ஏறினால் உட்கார இடமில்லை. நர்சுகள், துப்புரவுக்காரர்கள், மடியில் மருந்துப் பையோடு நோயாளிகள், பிளாஸ்க் தூக்கிய சொந்தக்காரர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கம்பியை விட்டு எட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். மனுஷனுக்கு என்ன குசும்பு!

ஆஸ்பத்திரி நிலையத்தில்தான் விஷயம் இருந்தது. எங்கள் ஊரில் வெளியேறும் இடத்தில் அட்டையைத் தட்டினால்தான் ஒரு பயணி. அங்கே வரிசையாக இருந்த கேட்டுகளை யாருமே சீண்டவில்லை. ஓரத்தில் இருக்கிற அகலமான கேட் விரியத் திறந்து கிடந்தது. மொத்தக் கூட்டமும் அதன் வழியே போனது.

காவலுக்கு இருந்த அம்மாளிடம் ஏன் திறந்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சின்ன கேட்ல சக்கர நாற்காலி மாட்டிக்குதும்மா. பின்னால நிக்கிறவங்க என்னைத்தான் திட்டுறாங்க. நீங்க வந்து நின்னு பாருங்க, தெரியும்."

திரும்பினால் இவரும் அதே கேட்டில் கைவீசிக்கொண்டு போகிறார்.

"நீங்க தட்டலையா?"

"மாசப் பாஸ்தானே. தட்டினா என்ன, தட்டாட்டி என்ன?"

சாயங்காலம் வீட்டுப் பக்கம் இறங்கும்போது தட்டுவாராம். அது பெரிய தடத்துக்குப் போய்விடும். வாலுக்கு ஒன்றுமில்லை. இத்தனை வருஷமாக நான் எண்ணுகிற எண்ணில் என் வீட்டுக்காரரே இல்லை!

மார்ச் 30

ஒரு வாரம் விடுப்புப் போட்டு அந்த அகல கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். காவல்கார அம்மா தன் டீயில் பாதி கொடுத்தார். எட்டு, பதினாறாகிவிட்டது. அப்படியே இரண்டு மடங்கு. நாளைக்கே அறிக்கை எழுதிவிடுகிறேன். இவர் சாப்பிடும்போது, "பரவாயில்லையே, என்னையும் ஆளா சேர்த்துட்டே" என்றார். மனசு லேசாக இருக்கிறது.

ஏப்ரல் 2

இயக்குநர் முழுவதையும் படித்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

"நல்லா உழைச்சிருக்கீங்க. சரி, இப்ப வால் நம்ம சராசரிக்கு மேல வந்துடுச்சா?"

வரவில்லை. இரண்டு மடங்கு ஆகியும் கீழேதான்.

"சார், சராசரின்னு ஒண்ணு இருந்தா அதுக்குக் கீழ யாராவது இருந்துதானே ஆகணும்? இதை வெட்டினா அடுத்த துண்டு கீழ வந்து நிக்கும். அப்புறம் அதை வெட்டுவீங்களா?"

"அதை அப்ப பாத்துக்கலாம். எனக்குப் புதுத் தடம் வேணும்மா. அது வந்தா எவ்வளவு பேருக்கு ஆகும், சொல்லுங்க?"

அந்த எவ்வளவு பேரையும் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். பெரிய எண். எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3

எட்டைப் பதினாறாக்கினேன். ஒரு மண்ணும் நடக்கவில்லை.

மே 15

இன்று முதல் வால் ஓடவில்லை. மாற்றுப் பேருந்து பாலத்தில் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டதாம். இவர் போய்ச் சேர்வதற்குள் வார்டுகளிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து வெள்ளைத் துணி எங்கே என்று கத்தியிருக்கிறார்கள்.

மே 16

இன்றும் தாமதம்.

மே 18

நாளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து கிளம்பப் போகிறாராம். ஏற்கெனவே கோழி கூவுவதற்கு முன்னால்தான் போகிறார். இதற்கு மேல் முன்னால் போனால் அது நேற்று.

மே 27

புதுத் தடத்துக்குக் கையெழுத்து ஆகிவிட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். இயக்குநர் என்னை முன்னால் அழைத்து, "இதுக்கு விதை போட்டது இவங்கதான்" என்று ஒரு பூங்கொத்தைக் கையில் திணித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதை வழியில் எங்கேயாவது போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஏன் போடவில்லை? தெரியவில்லை. தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன்.

"எதுக்கு இது?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். அந்த ஒற்றை வரி, கிண்டல், அழிக்காமல் அனுப்பியது, எல்லாவற்றையும். கத்துவார் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு வழியாக முடிந்திருக்கும். பூங்கொத்தைப் பிரித்து, ஒரு சொம்பில் தண்ணீர் ஊற்றி, அதில் வைத்தார்.

"கிண்டல் பண்றதுக்கு வேற எதுவும் கிடைக்கலையா உனக்கு?"

அவ்வளவுதான் கேட்டார்.

ஜூன் 9

ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கான அறையில் ஒரு கட்டில் காலியாம். திங்கள் முதல் சனி வரை அங்கேயே தங்கிக்கொள்ளச் சொல்கிறார்களாம். தாமதத்துக்கு மூன்றாவது தடவை எச்சரிக்கை கொடுத்த பிறகு இந்த ஏற்பாடு, அதனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை என்றார்.

"என் மேல கோவத்துல போறீங்களா?"

"கோவத்துல போறவன் ஞாயித்துக்கிழமை வருவானா? பஸ் சரியாகட்டும், பாப்போம்."

பஸ் சரியாகாது. பாலத்தின் அகலம் எனக்குத் தெரியும்.

ஜூன் 12

பையை மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தார். ஊரார் துணியெல்லாம் துவைக்கிற மனுஷனுக்குத் தன் சட்டையை மடிக்க வரவில்லை. நான் வாங்கி மடித்துக் கொடுத்தேன். போய்விட்டார்.

ஜூன் 20

பெரிய தடத்திலும் கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது — வாலிலிருந்து வந்து ஏறியவர்கள் இப்போது இல்லையே. எங்கள் இரண்டாம் இடம் தானாகச் சரியும், அதைக் காட்டி வாலைத் திரும்பக் கேட்கலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். ஆட்கள் குறைந்ததைவிடக் கிலோமீட்டர் குறைந்ததுதான் அதிகம். சரியவில்லை.

ஜூன் 28

ஒன்பது ஊர் ஒப்பீடு அச்சாகி வந்துவிட்டது. இரண்டாம் இடம். தாள் வழவழவென்று நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போனேன். திரும்பி வந்தேன். பக்கத்து ஊர்க் கணக்கில் இப்போது இங்கே மூன்று பேர்.

எங்கள் ஊர்க் கணக்கில் ஒருத்தி. இருந்த இரண்டு அறையில் முன்பு ஆளுக்கு ஒன்று. இப்போது ஆளுக்கு இரண்டு.

சராசரி உயர்ந்திருக்கிறது.