கரையான் ஊட்டும் வண்டு

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

விடுதிக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். டப்பியில் எடுத்துவந்த வண்டுதான் வழியிலேயே செத்துவிட்டது. கரையான் மாதிரியே வெளுத்து, வயிறு பருத்திருந்ததை எங்கள் பூச்சியியல் பேராசிரியர் பார்த்தார். "ஒண்ணு போதாதும்மா. தவறிப்போய் உள்ள விழுந்திருக்கும்" என்கிறார். தவறி விழுந்ததற்குக் கரையான் வாயோடு வாய் வைத்து ஊட்டுமா? நம் பின்வாசல் கதவு நிலைக்குள் என் கண்ணாலேயே பார்த்தேனே! மே மாதம் வருகிறேன். அதுவரை மருந்துக் குழாயோடு அந்தப் பக்கம் போகாதே.

உன் வாலு

மார்ச் 14

வாலுக்கு,

ஊர் வீடுகளுக்கெல்லாம் கரையான் மருந்து அடிக்கிறவன் நான். என் வீட்டு நிலையே மாவாக உதிர்கிறது. அடுத்த மாதம் பெண் வீட்டார் வருகிறார்கள். அவள் அப்பா தச்சர். வந்ததும் வராததுமாகக் கதவைத்தான் தட்டிப் பார்ப்பார். அம்மா வேறு, "பூச்சிக்காகப் பொண்ணை விட்டுடாதடா" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். நீ வரும்வரை பொறுக்கப் பார்க்கிறேன். நீ சாப்பிடுகிறாயா, இல்லையா?

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணா,

அம்மா எழுதியிருந்தாள். மருந்து அடித்து, புது நிலையும் வைத்தாயிற்றாமே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேறு இடத்தில் தேடுகிறேன், கிடைக்கும் வரை விடமாட்டேன். கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்காதே.

தங்கை

ஏப்ரல் 30

வாலு,

கிழித்துப் போடாமல் படி. பெண் வீட்டார் வந்தபோது, புது நிலை எதற்கென்று கூட வந்த பெண் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். "தங்கச்சி அவ்வளவு சொல்லியுமா அடிச்சீங்க?" என்றாள். உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "அப்ப தேடுங்க. நானும் வர்றேன்" என்றாள்.

அன்றிலிருந்து எந்த வேலைக்குப் போனாலும், மருந்து கலக்கும் முன் உளியால் ஓரத்தைப் பெயர்த்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் முறைக்கிறார்கள். நேற்று மரக்கிடங்கில், மழையில் ஊறிய உத்தரம் ஒன்றுக்குள் உன் வண்டுகள்! அவள் டார்ச் பிடித்தாள். கரையான் ஊட்டுவதை இரண்டு பேருமே பார்த்தோம். கிடங்குக்காரர் "மருந்தை அடிய்யா" என்று குதித்தார். "என் தங்கச்சி வராம ஒரு சொட்டு விழாது" என்று உத்தரத்தையே வேனில் ஏற்றி வந்துவிட்டேன். கரையான் வீட்டுக்குள் ஏறாமல், கொல்லையில் தண்ணீர்த் தொட்டி நடுவே கல்மேல் இருக்கிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை.

கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. வண்டைப் பார்க்க வா.

அண்ணன்

மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

வெள்ளிக்கிழமை வருகிறேன். பேராசிரியரையும் பிடித்து இழுத்து வருகிறேன். அதுவரை தினம் எங்கள் கொல்லைக்குப் போய், உத்தரத்தின் ஈரம் காயாமல் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். அண்ணனை நம்பி விட்டுவிடாதீர்கள். கல்யாணம் முடியும் வரை இருக்கிறேன்.

உங்கள் வாலு